எல்லையோர ஊர்களில் சைக்கிள் வாங்குவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம், பொள்ளாச்சி என்று தமிழ்நாடு-கேரள எல்லைக்கு இரண்டு பக்கமும் இருக்கும் நம் ஆட்கள், சைக்கிள் வாங்கும் முன் கேட்கிற கேள்விகள் இவை. கடைவீதிக்குப் போய்வர, பால் சொசைட்டிக்குப் போய்வர, காலையில் அரை மணி நேரம் தோப்பு ரோட்டில் சும்மா ஒரு சுற்றுச் சுற்றிவர. இவ்வளவுதான் தேவை என்பவர்களை மனதில் வைத்தே பதில் சொல்லியிருக்கிறேன். பட்ஜெட் பத்தாயிரம் ரூபாய், மிஞ்சிப் போனால் பதினைந்தாயிரம்.

எட்டாயிரம், பத்தாயிரத்துக்கு உருப்படியான சைக்கிள் கிடைக்குமா?

கிடைக்கும். ஆனால் அந்த விலையில் ஒரு வண்டியில் என்னென்ன இல்லை என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும். முன்னால் ஷாக், பின்னால் ஷாக், இரண்டு டிஸ்க் பிரேக், 21 கியர், எல்லாம் சேர்த்து ஒன்பதாயிரம் என்று ஒருவர் கொடுத்தால், அந்தக் காசை வேறு எங்கோ பிடித்திருப்பார்கள். பிடிப்பது கண்ணுக்குத் தெரியாத இடத்தில்: சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப்புக்குள் உருளும் பால்ஸ் குண்டு, ஸ்போக்ஸ் கம்பி, டயரின் ரப்பர், சீட்டுக்குள் இருக்கும் ஸ்பாஞ்ச். தினமும் ஓட்டும்போது உடம்புக்குத் தெரிவதே இவைதான்.

அதே காசுக்குக் கியரும் ஷாக்கும் இல்லாத வண்டியைக் கேளுங்கள். ஹீரோ, ஹெர்குலஸ், பி.எஸ்.ஏ., ஏவான் என்று எந்தப் பெயர் போட்டிருந்தாலும் இந்த ரகத்தில் பெரிய வித்தியாசம் இருக்காது. பழைய பாணி 28 இஞ்ச் வண்டி, முன்கூடை வைத்த லேடீஸ் வண்டி, நேர் ஹேண்டில்பார் போட்ட கியர் இல்லாத வண்டி, இந்த மூன்றில் ஒன்றில்தான் பெரும்பாலும் வந்து நிற்பீர்கள். கூட நாலைந்தாயிரம் போட முடிந்தால் அலாய் ரிம், கொஞ்சம் மெல்லிய டயர் போட்ட ஹைப்ரிட் வகை கிடைக்கும். ரோட்டில் மட்டுமே ஓட்டுபவருக்கு அந்தக் கூடுதல் காசு வீண் இல்லை.

கியர் வேண்டுமா, வேண்டாமா?

இந்தப் பக்கத்தில் மேட்டைவிடக் காற்றைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். பொள்ளாச்சி கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 290 மீட்டர் உயரம், பாலக்காடு 80 மீட்டர் சொச்சம். இடையில் நாற்பது கிலோமீட்டருக்கு மேல் இருப்பதால் அந்த இறக்கம் காலுக்குத் தெரியவே தெரியாது. ஆனால் மேற்குத் தொடர்ச்சி மலை இங்கே ஏறக்குறைய 30 கிலோமீட்டர் அகலத்துக்கு வாய் திறந்து கிடக்கிறது. வைகாசி கடைசியில் மேற்கிலிருந்து அடிக்க ஆரம்பிக்கும் மேல்காற்று அந்த வழியாகத்தான் புகுந்து வருகிறது. கஞ்சிக்கோட்டிலும் உடுமலைப் பக்கமும் காற்றாலை நட்டிருப்பது சும்மா இல்லை. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்கிறபோது சைக்கிள் எம்மாத்திரம்?

கணக்காகவே பார்ப்போம். காற்றே இல்லாத நாளில் மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் போகிறீர்கள். மறுநாள் எதிரே மணிக்கு 15 கிலோமீட்டர் காற்று. அதே வேகத்தில் போனால் உங்கள் நெஞ்சில் மோதும் காற்று 30. வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் தடை நான்கு மடங்காகும். ஆடியில் கோபாலபுரத்திலிருந்து மேற்கு நோக்கிக் கொழிஞ்சாம்பாறைக்கு வருகிறவர் மூச்சு வாங்குவதும், திரும்பிப் போகையில் பெடலைத் தொடாமலே பாதி தூரம் போய்விடுவதும் இதனால்தான். மார்கழி, தையில் கீழ்க்காற்று வரும்போது கதை அப்படியே தலைகீழ்.

இதற்கு 21 கியர் தேவையில்லை. ஒரே கியர் வண்டிகளில் முன்னால் பெடல் பக்கச் சக்கரத்தில் 44 பல், பின்சக்கரத்து ஃப்ரீவீலில் 18 பல் என்று பொதுவாக வரும். 28 இஞ்ச் சக்கரத்தில் ஒரு முழு மிதிக்கு ஏறக்குறைய ஐந்தரை மீட்டர் போகும். நிமிடத்துக்கு 60 மிதி மிதித்தால் மணிக்கு 19 கிலோமீட்டருக்கு மேல். சமதரைக்கு இது கச்சிதம், எதிர்காற்றுக்குக் கனம். கடையில் ஃப்ரீவீலை மட்டும் 20 பல்லுக்கு மாற்றித் தரச் சொல்லுங்கள். மிதிக்கிற பாரம் பத்தில் ஒரு பங்கு குறையும். வேகமும் அதே அளவு குறையும், கடைவீதிக்குப் போகிறவருக்கு அது ஒரு பொருட்டே இல்லை. சில நூறு ரூபாய் வேலை. தேவைப்பட்டால் செயினில் ஒரு கண்ணி சேர்க்க வேண்டிவரும்.

கியர் வைத்தே ஆக வேண்டும் என்றால் பின்னால் மட்டும் ஆறோ ஏழோ இருக்கிற வண்டி போதும். முன்னாலும் மூன்று பல் அடுக்கு இருந்தால் அது அடிக்கடி செயினைக் கழற்றிவிடும், சரிசெய்யத் தெரிந்த ஆளும் ஊருக்குள் குறைவு. ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு ஏறப் போகிறேன் என்பவர் வேறு பட்ஜெட்டில் வேறு வண்டி பார்க்க வேண்டும்.

ஷாக் அப்சார்பர் இருந்தால் குலுக்கல் குறையாதா?

நல்ல ஷாக்கில் குறையும். பத்தாயிரம் ரூபாய் வண்டியில் வருவது ஒரு குழாய்க்குள் ஒரு ஸ்பிரிங், அவ்வளவுதான். இரண்டு மழைக்காலம் போனால் துருப்பிடித்து இறுகிக்கொள்ளும். அது வரைக்கும் மிதிக்கிற பலத்தில் கொஞ்சத்தை அது தின்றுகொண்டிருக்கும், கூடவே ஒன்றிரண்டு கிலோ எடை. பின் ஷாக் இன்னும் மோசம், எழுந்து நின்று மிதித்தால் வண்டி ஊஞ்சல் ஆடும். குலுக்கலுக்கு இதைவிட மலிவான வைத்தியம் டயரில் இருக்கிறது. ஒன்றரை இஞ்சுக்கு மேல் அகலமான டயர், கல்லு மாதிரி அடிக்காமல் அளவான காற்று, அடியில் ஸ்பிரிங் வைத்த சீட். இந்த மூன்றும் இருந்தால் பஞ்சாயத்து ரோட்டுக் குழி பெரிதாகத் தெரியாது.

அந்தத் தடி டயர் வண்டி? பையன் அதைத்தான் கேட்கிறான்.

நாலு இஞ்ச் டயர் மணலிலும் பனியிலும் ஓட்டக் கண்டுபிடித்தது. தார் ரோட்டில் அதை மிதிப்பதற்குப் பையனுக்கு ஆசை இருக்கும், ஒரு மாதம். டயரும் டியூபும் எல்லாக் கடையிலும் கிடைக்காது என்பதை அவனிடமே சொல்லிப் பாருங்கள். அதற்கு மேல் உங்கள் பாடு, அவன் பாடு.

எந்த உயரத்துக்கு எந்த சைஸ்?

கடைக்காரர் சக்கர அளவைச் சொல்லுவார்: 24, 26, 27.5, 29. ஐந்தடிக்குக் கீழே 24, அதற்கு மேல் 26 என்பது தோராயக் கணக்குதான். உங்களுக்குப் பொருந்த வேண்டியது பிரேம். பழைய பாணி வண்டிகள் 22 இஞ்ச், 24 இஞ்ச் பிரேமில் வரும். நம் ஊரில் பெரும்பாலோருக்கு 22 போதும்.

கடையிலேயே இரண்டு சோதனை. பாருக்கு இரண்டு பக்கமும் காலைப் போட்டுத் தரையில் நில்லுங்கள். பாருக்கும் உடம்புக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் இடைவெளி வேண்டும். இல்லாவிட்டால் சடன் பிரேக் அடித்து இறங்கும் அன்றைக்குத் தெரியும். அடுத்து சீட்டில் உட்கார்ந்து, பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வையுங்கள். முழங்கால் நேராக நீள வேண்டும். பிறகு பாதத்தின் முன்பகுதியால் மிதித்தால் முழங்கால் லேசாக மடங்கியிருக்கும், அதுதான் சரியான உயரம். நம் ஆட்களில் பாதிப் பேர் இரண்டு காலும் தரையில் முழுசாக ஊன்ற வேண்டும் என்று சீட்டை இறக்கி வைத்துக்கொண்டு, முழங்கால் வலிக்கிறது, சைக்கிளே சரியில்லை என்பார்கள். நிற்கும்போது கால் விரல் தரையைத் தொட்டால் போதும்.

வளர்கிற பிள்ளைக்குப் பெரிசாக வாங்கலாமா என்றும் கேட்பார்கள். சட்டை என்றால் சரி. பிரேக் எட்டாத சைக்கிள் வேண்டாம்.

எங்க அப்பாவுக்கு 62 வயசு. வேட்டி கட்டித்தான் போவார். அவருக்கு எது சரிப்படும்?

லேடீஸ் சைக்கிள். முதலில் முகம் சுளிப்பார், காலைத் தூக்கிப் பின்னால் சுற்றிப் போடாமல் ஏறலாம் என்பது ஒரு வாரத்தில் பிடித்துவிடும். வேட்டிக்கும் சேலைக்கும் செயின் முழுசாக மூடிய கவர் அவசியம், பாதி மூடிய பிளாஸ்டிக் தகடு போதாது. ஹேண்டில்பார் உயரமாக, கைப்பிடி தன் பக்கம் வளைந்து வருவதாக இருந்தால் முதுகு நிமிர்ந்திருக்கும். தலைசுற்றலோ இதயத் தொந்தரவோ இருந்தால் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு ஏறச் சொல்லுங்கள்.

அக்கா மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்த அரசு சைக்கிள் திண்ணையில் சும்மா கிடக்கிறது. அதையே ஓட்டலாமா?

தாராளமாக. தமிழ்நாட்டுப் பக்கம் பதினோராம் வகுப்பில் கொடுக்கும் அந்த வண்டி, மேலே சொன்ன "எதுவும் இல்லாத" வண்டிதான். கியர் கிடையாது, ஷாக் கிடையாது. புதுசு வாங்கும் முன் இதை ஓவராயில் பண்ணிப் பாருங்கள். ஹப், பெடல் அச்சு, ஹேண்டில் கழுத்து மூன்றையும் பிரித்து, மண்ணெண்ணெயில் கழுவி, புது பால்ஸ் போட்டு, கிரீஸ் வைத்து மூட வேண்டும். டயரும் டியூபும் வெயிலில் நின்று வெடித்திருந்தால் மாற்றியே ஆக வேண்டும், பிரேக் கட்டையும் அப்படித்தான். எல்லாம் சேர்த்தும் புது வண்டி விலையில் பாதிகூட வராது.

பழைய சைக்கிள் வாங்கினால் எதைப் பார்க்க வேண்டும்?

பெயிண்டைப் பார்க்காதீர்கள். ஒரு ஸ்கேலை எடுத்துக்கொண்டு போங்கள். செயினில் ஒரு ஆணியின் நடுவிலிருந்து அளந்தால் 12 இஞ்சில் இன்னொரு ஆணியின் நடு சரியாக வந்து நிற்க வேண்டும். பதினாறில் ஒரு பங்கு இஞ்ச் தள்ளிப் போயிருந்தால் செயின் மாற்ற வேண்டும். எட்டில் ஒரு பங்கு என்றால் பல்லும் சேர்ந்து தேய்ந்திருக்கும். அந்தச் செலவை விலையில் கழியுங்கள்.

பிறகு வண்டியைத் தூக்கிச் சக்கரத்தைச் சுற்றிவிட்டு, பிரேக் கட்டை பக்கத்தில் விரல் நகத்தை வைத்துக் கவனியுங்கள். ரிம் நகத்தைத் தொட்டுத் தொட்டுப் போனால் கோட்டம். கோட்டம் எடுத்துவிடலாம், பயமில்லை. ரிம்மிலேயே பள்ளம் விழுந்திருந்தால்தான் வம்பு. சக்கரத்தைப் பக்கவாட்டில் ஆட்டினால் கடகடவென்றால் ஹப்புக்குள் பால்ஸைத் தாங்கும் கோன் தேய்ந்திருக்கிறது. கிராங்கை, அதாவது பெடல் மாட்டியிருக்கும் கையைப் பிடித்து உள்ளும் வெளியும் ஆட்டினால் டொக் என்றால், அதை அச்சோடு இறுக்கும் காட்டர் பின்னோ அச்சு பால்ஸோ போயிருக்கிறது. இவை எல்லாமே சின்னச் செலவுதான்.

பெரிய செலவு ஒன்றே ஒன்று, பிரேம். ஹேண்டில் கழுத்துக்குக் கீழே இரண்டு குழாய் சேரும் இடத்தை அடியிலிருந்து பாருங்கள். பெயிண்ட் சுருங்கியோ குழாய் லேசாகப் புடைத்தோ இருந்தால் அந்த வண்டி எங்கேயோ நேருக்கு நேர் மோதியிருக்கிறது. சும்மா கொடுத்தாலும் வேண்டாம்.

டயர் மாற்றப் போனால் "இந்த 26 வேற, அந்த 26 வேற" என்கிறாரே கடைக்காரர்?

அவர் சொல்வது உண்மைதான். நேர் ஹேண்டில் வண்டியின் 26 இஞ்ச் ரிம் 559 மில்லிமீட்டர், பழைய லேடீஸ் வண்டியின் 26 × 1⅜ ரிம் 590. ஒன்று மற்றதில் ஏறாது. 28 × 1½ என்பது 635, ஹைப்ரிட்டில் வரும் 700சி என்பது 622. 29 என்று சொல்லி விற்கும் வண்டிக்கும் அதே 622தான். டயரின் பக்கவாட்டில் 37-590 என்கிற மாதிரி இரண்டு எண் இருக்கும், அதைப் போட்டோ எடுத்துக் காட்டினால் பேச்சே வராது. எவ்வளவு காற்று அடிக்கலாம் என்பதும் அதே இடத்தில் எழுதியிருக்கும்.

வால்வையும் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய பாணி வண்டியில் வால்டியூப் போட்ட வால்வு, வீட்டுக் கைப்பம்பே போதும். பைக்கில் இருப்பது போன்ற வால்வு என்றால் பெட்ரோல் பங்கில் அடித்துக்கொள்ளலாம், ஆனால் கூடவே நில்லுங்கள். அந்த மெஷின் கண்மூடித் திறப்பதற்குள் டியூபை வெடிக்க வைத்துவிடும்.

மழைக்கு டிஸ்க் பிரேக் நல்லது என்கிறார்களே?

நல்ல டிஸ்க் நல்லதுதான். மலிவு வண்டியில் வரும் ஒயர் டிஸ்க் கொஞ்ச நாளில் கீச்சிடும், தகடு லேசாக வளைந்தாலும் உரசும், பிரேக் பட்டை கிடைக்க பொள்ளாச்சியோ கோவையோ போக வேண்டியிருக்கும். ரிம்மைக் கவனிப்பது அதைவிட முக்கியம். பளபளவென்று குரோம் பூசிய இரும்பு ரிம் நனைந்தால் ரப்பர் கட்டை வழுக்கும், நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டித்தான் நிற்கும். அலாய் ரிம், அதில் இரண்டு பக்கமும் நீளக் கை வைத்து ரிம்மைப் பிடிக்கும் வி-பிரேக், இதுதான் நம் விலைக்கு மழையிலும் நம்பக்கூடியது. இரும்பு ரிம்தான் வாய்த்தது என்றால், ஈர ரோட்டில் நிறுத்துவதற்குக் கொஞ்சம் முன்பே பிரேக்கை லேசாகப் பிடித்து ரிம்மைத் துடைத்துக்கொண்டு, பிறகு அழுத்துங்கள்.

மட்கார்டு இல்லாத வண்டி எடுத்தால் மழைக்காலத்தில் முதுகில் சேறு கோலம் போடும். தனியாக வாங்கி மாட்டிக்கொள்ளுங்கள்.

பார்டர் தாண்டி வாங்கினால் விலை குறையுமா?

வரியில் வித்தியாசம் இல்லை. சைக்கிளுக்கான ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 12 சதவீதத்திலிருந்து 5 ஆகிவிட்டது. வாளையார் செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒன்றுதான். வண்டியை மிதித்தே எல்லை தாண்டினாலும் பதிவு, பெர்மிட் எதுவும் கிடையாது, பில்லை மட்டும் வைத்திருங்கள். நூறு இருநூறு மிச்சம் பிடிக்க அலைவதைவிட, உங்கள் வீட்டிலிருந்து தள்ளிக்கொண்டே போகக்கூடிய தூரத்தில் யார் கடை வைத்திருக்கிறாரோ அவரிடம் வாங்குங்கள். முதல் மாதத்தில் ஸ்போக்ஸ் கம்பி தளரும், பிரேக் ஒயர் இழுபடும், ஹேண்டில் கழுத்து லூஸாகும். புது வண்டியில் இதெல்லாம் வழக்கம். விற்றவரே காசு வாங்காமல் முறுக்கிக் கொடுப்பார்.

ஆன்லைனில் வாங்குபவர்களுக்கும் இதே பதில்தான். பெட்டியில் வருவது பாதி பூட்டிய வண்டி. ஹேண்டில், பெடல், முன்சக்கரம், பிரேக்கைப் பூட்டுவது உங்கள் பொறுப்பு. இடது பெடலின் மரை இடப்பக்கமாகத்தான் திருகும் என்று தெரியாமல் பலவந்தமாக ஏற்றி கிராங்கையே கெடுத்துக்கொண்டவர்கள் உண்டு. உள்ளூர் கடைக்காரரிடம் கொண்டுபோனால் அவர் பூட்டுவார், "எங்கிட்ட வாங்கியிருக்கலாமே" என்ற பேச்சும் இலவசம்.

வாரம் ஒரு பஞ்சர். என்ன செய்வது?

வேலிகாத்தான் முள். சீமைக்கருவேலம் வேலியோரம் வெட்டிப் போட்ட நாட்களில் ரோட்டோரமாகப் போகாதீர்கள். பஞ்சர் ஒட்டும்போது டயரின் உள்பக்கம் விரலால் மெதுவாகத் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். முறிந்த முள் நுனி உள்ளேயே இருந்தால் ஒட்டிய மறுநாளே மறுபடியும் இறங்கும். காற்று குறைவாக ஓடும் டயரில் இன்னொரு வகை பஞ்சர் வரும்: குழியில் விழும்போது டியூப் ரிம்மில் நசுங்கி, பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓட்டை. அது முள் வேலை இல்லை, வாரம் ஒருமுறை காற்று அடித்தால் வராது.

பேட்டரி சைக்கிள் எடுத்துவிடலாமா?

250 வாட்டுக்குள், மணிக்கு 25 கிலோமீட்டருக்குள் என்றால் லைசென்ஸும் பதிவும் வேண்டாம். ஆடிக் காற்றுக்கு அருமையான துணை. ஆனால் விலை நம் பட்ஜெட்டைத் தாண்டிவிடும், சில வருடத்தில் பேட்டரி மாற்றும் செலவும் வரும். பேட்டரி தீர்ந்தால் அந்தக் கனத்தைக் காலால் மிதிக்க வேண்டும் என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

விடியற்காலையில் ஓட்டலாமா?

அந்த நேரத்தில்தான் ஓட்டச் சுகம், அந்த நேரத்தில்தான் பயமும். பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுகாவிலிருந்து வெளி மாவட்டங்களுக்குப் போகும் கள்ளு வண்டி, பால் வண்டி, தேங்காய் லோடு, எல்லாருக்கும் அவசரம். தென்னந்தோப்புக்கு நடுவே போகும் ரோட்டில் கருப்புச் சட்டை போட்டுக்கொண்டு போனால் யாருக்கும் தெரியாது. பின்னால் ஒரு சிவப்பு லைட், முன்னால் ஒரு வெள்ளை லைட், இரண்டும் சேர்த்துச் சில நூறு ரூபாய்தான். புது வண்டியில் வரும் ரிஃப்ளெக்டரை அழகாக இல்லை என்று கழற்றிப் போடாதீர்கள். டைனமோ இன்னும் கிடைக்கிறது, ஆனால் வண்டி நின்றால் லைட்டும் நிற்கும்.

பூட்டுக்கு எவ்வளவு செலவு செய்யலாம்?

பின்சக்கரத்தில் மாட்டி வரும் வளையப் பூட்டு டீக்கடை வாசலுக்குப் போதும். பஸ் ஸ்டாண்டிலோ ரயில்வே ஸ்டேஷனிலோ விட்டுவிட்டு நாள் முழுக்கப் போகிறவர் செயின் பூட்டு ஒன்று வாங்கி, பிரேமையும் ஒரு கம்பத்தையும் சேர்த்துக் கட்டுங்கள். சக்கரத்தை மட்டும் கட்டினால் சக்கரம் மட்டும்தான் மிஞ்சும். பெடல் அச்சுக்கு அடியிலோ சீட் குழாயிலோ ஒரு எண் குத்தியிருப்பார்கள், வாங்கிய அன்றே பில்லோடு சேர்த்து அதையும் போட்டோ எடுத்து வையுங்கள். வண்டி போனது எல்லைக்கு எந்தப் பக்கமாக இருந்தாலும், ஸ்டேஷனில் முதலில் கேட்பது அந்த எண்ணைத்தான்.